பரபக்கமும் கழுமரமும்

13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தை உலகாயதனிலிருந்து தொடங்கினார். கடவுள் இல்லை, மறுபிறப்பு இல்லை, காட்சி ஒன்றே அளவை என்று சொல்பவனுக்கே அந்நூலில் முதல் இடம். அவனுடைய வாதத்தை முதலில் எடுத்துரைத்துவிட்டு, அதன் பிறகே மறுதலை கூறுகிறார். பரபக்கத்தில் இடம்பெறும் 14 மதத்தாருள் பெரும்பாலோர், உலகைப் படைத்த கடவுள் ஒருவன் உண்டு என்பதை ஏற்காதவர்கள்: உலகாயதர், நால்வகைப் பௌத்தர், சமணர், ஆசீவகர், மீமாஞ்சகர், நிரீச்சுர சாங்கியர். தன் கடவுளை நிறுவும் சுபக்கத்துக்குள் நுழையுமுன் இத்தனை மறுப்பாளர்களின் வாதங்களையும் ஒரு சைவ மாணவன் கற்றுத் தேற வேண்டும் என்பது அந்நூலின் அமைப்பே இடும் கட்டளை.

இதை நயத்தக்க நாகரிகம் என்று புகழ நான் வரவில்லை. அருணந்தியாரின் மறுதலையில் எள்ளல் உண்டு, சினம் உண்டு. எதிரியின் மனம் நோகுமே என்ற தயக்கம் மருந்துக்கும் இல்லை. ஆனால் எதிரியின் வாதத்தைச் சொல்லிவிட்டே மறுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அதன் பயனை இன்று துய்ப்பவர்கள் நாத்திகர்களே. உலகாயதரின் மூலநூல்கள் நமக்குக் கிட்டவில்லை. மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை, நீலகேசியின் பூதவாதச் சருக்கம், சித்தியாரின் பரபக்கம் என எதிரிகளின் ஏடுகளில்தான் தமிழ் நாத்திகத்தின் பழங்குரல் உயிரோடு இருக்கிறது. கடவுளை நம்பாத நான் என் முன்னோரின் வாதங்களைக் கற்றது நம்பிக்கையாளர்களின் நூல்களிலிருந்துதான்.

இதே தமிழ் மரபுக்கு இன்னொரு நினைவும் உண்டு. பெரியபுராணத்தில் மதுரையில் திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்கின்றன. தோற்ற சமணர் கழுவேறுகிறார்கள். இது நடந்த வரலாறா, பிற்காலப் புனைவா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் இங்குக் கவனிப்பது, சேக்கிழார் அவ்விடத்தில் போகிற போக்கில் சொல்லும் ஒரு செய்தியை. சம்பந்தருக்கு அவர்கள்மீது பகை இல்லை. எனினும் அடியார் தங்கியிருந்த மடத்துக்குத் தீங்கு செய்தவர்கள் என்பதால் வேந்தன் செய்கையை அவர் விலக்கவில்லை. வென்றவரிடம் பகை இல்லை, ஆயினும் கழு நாட்டப்படுகிறது. பகையற்றவரின் மௌனம் எதற்கெல்லாம் துணைபோகும் என்பதை ஒரு பக்தி நூலே எழுதி வைத்திருக்கிறது.

நம்பிக்கையாளரும் நாத்திகரும் சமூக ஊடகங்களில் மோதுவதைப் பற்றிக் கவலைப்படுவோர் பெரும்பாலும் தொனியையே அளக்கிறார்கள். யார் கடுமையாகப் பேசினார், யார் கனிவாகப் பேசினார் என்பதோடு அவர்களுடைய ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. அந்த அளவுகோல் பயனற்றது என்பதே இப்பதிவின் வாதம். கடுஞ்சொல் பேசியும் எதிரியை மதிக்கலாம். தேன் சொட்டப் பேசியும் அவனைக் கழுவேற்றலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் பேசி முடித்த பின், எதிரில் இருப்பவர் மறுமொழி சொல்லும் நிலையில் இருக்கிறாரா? இருந்தால் அது பரபக்கம். அவருடைய வாயையோ வேலையையோ வீட்டையோ உயிரையோ பறித்து மறுமொழிக்கே இடமில்லாமல் செய்தால் அது கழு.

தேன் சொட்டும் கழுவுக்குச் சான்று தொலைவில் இல்லை. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் நடந்தது 'அமைதிப் பேச்சுவார்த்தை'. அதன் முடிவில் மாதொருபாகன் நாவலுக்காகப் பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையொப்பமிட்டார். எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று தம் முகநூல் பக்கத்தில் அறிவித்தார். அவர் செய்தது கடவுள் மறுப்புப் பிரசாரம் அன்று, புனைவு. ஆனால் 'மனம் புண்பட்டது' என்ற சொல் அரசு அலுவலகத்தின் மேசைமீது வைக்கப்பட்டதும் வாதம் முடிந்துபோயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் தலையிட்ட பின்னரே அந்த எழுத்தாளர் மீண்டும் எழுத வந்தார்.

இதை ரங்கத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் இடப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அது எட்டிய இடங்களுள் ரங்கத்தும் ஒன்று. அதற்குமுன் செயற்கைக்கோளை நம்பியிருந்த எங்களுக்கு ஒரு காணொளியைப் பார்ப்பதே பொறுமைச் சோதனை. விரைவு இணையம் வந்த அதே பருவத்தில்தான் தமிழ்நாட்டில் கந்த சஷ்டி கவசச் சண்டை உச்சத்தில் இருந்தது. எங்கள் ஊர் இளைஞர் பலருக்கு முதலில் வந்து சேர்ந்த 'தத்துவ விவாதம்' அதுதான்.

நடு அந்தமானின் இச்சிற்றூரில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சோட்டா நாக்பூரிலிருந்து வந்தோர் எனப் பலரும் வாழ்கிறார்கள். இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒன்றையும் நம்பாதவரும் ஒரே கடைத்தெருவில் அரிசி வாங்குகிறார்கள். சாலைவழியே தலைநகருக்குப் போக வேண்டுமானால், ஜாரவா காப்பகத்தின் ஊடே குறித்த நேரத்தில் வரிசையாக விடப்படும் வண்டிகளில் எல்லோரும் சேர்ந்துதான் காத்திருக்க வேண்டும். இங்கே முகமில்லாத எதிரி என்று ஒருவர் கிடையாது. 'மூடநம்பிக்கைக் கும்பல்' என்று கைப்பேசியில் தட்டச்சு செய்பவனும் 'மதத் துரோகி' என்று மறுபக்கத்தில் தட்டச்சு செய்பவனும் மறுநாள் காலை ஒரே பேருந்தில் ஏறுகிறார்கள். பெருநிலத்தில் கோடிப் பேருக்கு நடுவே வீசப்படும் சொல் அங்கே கரைந்துபோகலாம். இங்கே அது ஒருவர் வீட்டு வாசலில் போய் விழுகிறது. ஆகவே எந்தச் சொல் கருத்தை நோக்கிப் போகிறது, எது ஆளை நோக்கிப் போகிறது என்று பிரித்தறிவது எங்களுக்கு ஏட்டுப் பயிற்சி அன்று.

கழு என்று நான் சொல்வது உருவகம் மட்டும் அன்று. 2017 மார்ச் 16 இரவு கோவை உக்கடம் பகுதியில் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். 31 வயது; பழைய இரும்பு வணிகம் செய்தவர்; இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து கடவுளை மறுத்தவர்; திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர். முகநூலிலும் வாட்ஸப்பிலும் அவர் பகிர்ந்த கடவுள் மறுப்புக் கருத்துகளே கொலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. கைதானோர் அவர் பிறந்த சமயத்தைச் சேர்ந்தவர்கள். அதன்பின் இரண்டு பாசாங்குகளைக் கண்டோம். அதுவரை பெரியாரின் பெயரைக் கேட்டாலே காறி உமிழ்ந்தவர்கள் திடீரென்று பகுத்தறிவின் காவலர்களாகி, ஒரு சமயத்தார் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். சிறுபான்மையினருக்காகக் குரல் கொடுத்துப் பழகிய சிலரோ, கண்டித்தால் யாருக்குப் பயன்படும் என்று கணக்குப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முதல் வகையார்க்கு ஃபாரூக் ஒரு கருவி. இரண்டாம் வகையார்க்கு ஒரு சங்கடம். அவர் சொன்னது என்ன, அதற்கு மறுமொழி என்ன என்று பேசியவர்கள் மிகச் சிலர்.

நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் புனேயில் கொல்லப்பட்டார். கோவிந்த் பன்சாரேயும் எம். எம். கல்புர்கியும் 2015இல், கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பரில். எங்கள் ஊர் வங்காளிகளுக்கு நன்கு தெரிந்த தாக்கா நகரில், 2015 பிப்ரவரியில் புத்தகக் கண்காட்சியிலிருந்து திரும்பிய அவிஜித் ராய் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்களாகக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் சமயம் ஊருக்கு ஊர் வேறு, செயல் ஒன்றே. வாதத்துக்கு மறுமொழி தேடுவதைவிட வாதியை இல்லாமலாக்குவது எளிது என்ற முடிவு அது.

'நான் யாரையும் வெட்டவில்லையே' என்று நம்பிக்கையாளர் கேட்பார். உண்மை. ஆனால் கழுவுக்குப் பல படிகள் உண்டு. ஒருவர் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அனுப்புவது ஒரு படி. வீட்டு முகவரியையும் பிள்ளைகளின் படத்தையும் பரப்புவது இன்னொரு படி. மறுப்பவர் பெண்ணாயின் அவருடைய வாதத்தை விட்டுவிட்டு உடலைப் பேசுவது அடுத்த படி. சொல்லுக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது மேற்படி. மேலே ஏறுபவர் சிலராக இருக்கலாம். படிகளை இழைத்து வைத்தவர்கள் பலர்.

இனி என் தோழர்களிடம் வருகிறேன். கருப்பர் கூட்டம் என்ற யூடியூப் அலைவரிசையில் வெளியாகி 2020 ஜூலையில் சர்ச்சைக்குள்ளான கவசக் காணொளியைப் பல பகுத்தறிவாளர்கள் 'கருத்துரிமை' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டார்கள். கவசம் என்பது ஒரு இலக்கிய வகை. தலைமுதல் கால்வரை உறுப்புகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றையும் காக்குமாறு வேண்டுவது அதன் இலக்கணம். மருத்துவம் எட்டாத காலத்து உடலின் அச்சம் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நோய்க்கு அஞ்சி ஊரே அடங்கிக் கிடந்த 2020இல் அதைப் பாடியவர்களிடம், 'வேண்டுதல் நோய் தீர்க்குமா?' என்று கேட்டிருந்தால் அது வாதம். கேட்டிருக்கவும் வேண்டும். உறுப்புகளின் பெயரை ஆபாசச் சிரிப்பாக்கியது எந்த நம்பிக்கையையும் மறுக்கவில்லை. அந்தச் சிரிப்பு தாக்கியது முருகனை அன்று. மாலையில் விளக்கேற்றிப் பாடும் பெண்ணை. அவரை விவாதத்தின் ஒரு தரப்பாகவே அது கருதவில்லை. மறுமொழி சொல்லத் தகுதியற்றவர் என்று ஒருவரை முன்கூட்டியே முடிவுசெய்வதும் கழுவின் படிகளுள் ஒன்றுதான். அந்தப் படியை இழைத்தவர்கள் நம்மவர்கள்.

அதற்கு அரசு தந்த மறுமொழி என்ன? கைது, அதன் மேல் குண்டர் சட்டம். விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க வழிசெய்யும் சட்டம் அது. மட்டமான ஒரு நகைச்சுவைக்குத் தடுப்புக் காவல் என்பதை ஏற்றுக்கொண்ட எந்த முருக பக்தரும், அதே சட்டம் நாளை தம் கூட்டத்தார்மீது பாயும்போது முறையிடும் உரிமையை இழக்கிறார். அதே மாதம் கோவை சுந்தராபுரத்தில் பெரியார் சிலைமீது காவிச் சாயம் ஊற்றப்பட்டது. நவம்பரில் வேல் யாத்திரை புறப்பட்டது. கவசம் பாடிய பெண்ணின் துயரம் அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. அவர் பெயரால் வாக்கு கேட்க வந்தவர்கள், அவர் ஏன் அதைப் பாடுகிறார் என்று கேட்கவே இல்லை.

'மனம் புண்படுதல்' என்பதற்குச் சட்டத்திலேயே எல்லை உண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவு 1927இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக நிற்கிறது. திட்டமிட்ட, தீய நோக்குடைய இழிவுரையை மட்டுமே அது தண்டிக்கும் என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது. 1953 மே 27 அன்று திருச்சியில் பெரியார் களிமண் பிள்ளையார் உருவை உடைத்தது தொடர்பான வழக்கில், 1958இல் தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றம், ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் பொருளைக் கீழ்நீதிமன்றங்கள் மிகக் குறுகிய பொருளில் விளக்கிவிட்டன என்று கண்டித்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று மேல்நடவடிக்கைக்கு ஆணையிடவில்லை. 2019 செப்டம்பரில் பெரியார் சிலைகளின் கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தம் கருத்தைச் சொல்லப் பெரியாருக்கு இருந்த உரிமையைப் போலவே, அதை மறுக்க மனுதாரருக்கும் உரிமை உண்டு என்றது. இரு தரப்பும் படிக்க வேண்டிய தீர்ப்புகள் இவை. முன்னது, எதிரியின் புனிதம் உங்களுக்கு மண்ணாகத் தோன்றினாலும் அது அவருக்கு மண்ணன்று என்கிறது. பின்னது, அதனால் உங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்கிறது.

1953இல் பெரியார் செய்ததைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னரே அறிவித்து, பகலில், பொது மைதானத்தில், தம் பெயரில் செய்தார். வழக்கு வந்தால் நிற்க ஆயத்தமாக இருந்தார். அச்செயலை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். மறுமொழிக்குத் தம்மைத் திறந்து வைத்திருந்தார் என்பதை மறுக்க இயலாது. புனைபெயரின் பின்னால் பதுங்கி நள்ளிரவில் ஒரு மூதாட்டியின் திருநீற்றுப் படத்தைக் கேலி செய்பவனுக்கு அவர் பெயரைச் சொல்லும் தகுதி கிடையாது. அச்சுறுத்தலுக்கு அஞ்சிப் புனைபெயரில் வாதம் எழுதுவோரை நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பெயர் மறைவு கவசம், இவனுக்கோ வாள்.

ஒரே கேள்வி இடம் மாறும்போது என்னவாகிறது என்பதற்கு எங்கள் தீவிலிருந்தே சான்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபாரில் அழித்த உயிர்களின் நினைவு நாள் ஆண்டுதோறும் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், 'இறைவனடியில் இளைப்பாறு மகனே' என்று எழுதுவார். அதன்கீழ், 'அலை வந்தபோது உங்கள் இறைவன் எங்கே போயிருந்தான்?' என்ற கேள்வி வந்து விழும். கேள்வியில் பிழையில்லை. 1755இல் லிஸ்பன் நிலநடுக்கத்துக்குப் பின் வால்தேர் எழுப்பிய கேள்வி அதுவே. ஆனால் எல்லாம் நன்மைக்கே என்று வாதிட்ட தத்துவ அறிஞர்களைப் பார்த்துத்தான் வால்தேர் கேட்டார். இறைநம்பிக்கை கொண்ட ரூசோ 1756 ஆகஸ்டில் நீண்ட கடிதம் எழுதி மறுமொழி சொன்னார். ஐரோப்பியச் சிந்தனையில் அவ்விவாதத்துக்கு நிலையான இடம் உண்டு. பேரலையைப் பாவத்தின் சம்பளம் என்று பிரசங்கித்தவர்களிடம் அக்கேள்வியைக் கேளுங்கள்; நானும் கேட்கிறேன். அழுதுகொண்டிருக்கும் தாயிடம் கேட்பது தத்துவமாகாது. நாத்திகர் நோயுற்றுக் கிடக்கும்போது 'கடவுள் தண்டித்தார்' என்று எழுதும் பக்தரும் அதே தவற்றைத் தலைகீழாகச் செய்கிறார்.

இரு தரப்புக்கும் சம வலிமை இருப்பதுபோல் பேசுவதும் ஏமாற்றே. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினர் நுழைவதை ஒட்டிய மோதலால், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர், அம்மனை நம்பியவர்கள். அவர்களைத் தடுத்தவர்கள் 'எங்கள் மரபு புண்படுகிறது' என்றார்கள். அப்போது நம்மிற் சிலர், 'இல்லாத சாமியைக் கும்பிட ஏன் இவ்வளவு அடிதடி?' என்று எழுதினார்கள். அது வழிபாட்டுரிமை கேட்டவரை இரண்டாம் முறை வெளியே நிறுத்தும் செயல். 2022இல் கர்நாடகக் கல்லூரி வாயில்களில் முக்காடு அணிந்த மாணவியர் தடுக்கப்பட்டபோதும் இதே குரல் கேட்டது. முக்காட்டைப் பற்றி அம்மாணவியிடம் வாதிட உங்களுக்கு உரிமை உண்டு. வகுப்புக்குள் அவர் வந்து உட்கார்ந்த பின் வாதிடுங்கள். வெளியே நிறுத்திவிட்டு வாதிட்டால் அவர் எங்கிருந்து மறுமொழி சொல்வார்?

'அப்படியானால் மென்மையாக, யாருக்கும் வலிக்காமல் பேச வேண்டுமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். பகத்சிங்கைப் படியுங்கள். 1930 அக்டோபரில் லாகூர்ச் சிறையில் அவர் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்?' கட்டுரை, அவர் தூக்கிலிடப்பட்ட பின் 1931 செப்டம்பரில் வெளிவந்தது. 1930களின் நடுவில் ஜீவா அதைத் தமிழில் பெயர்க்க, ஆங்கில அரசு அதற்காக நடவடிக்கை எடுத்தது. அக்கட்டுரையில் பகத்சிங் தம் மூத்த தோழர் சசீந்திரநாத் சன்யாலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். சன்யால் எங்கள் தீவின் செல்லுலர் சிறையில் அடைபட்டிருந்தவர், உறுதியான இறைநம்பிக்கையாளர். அவருடைய 'பந்தி ஜீவன்' நூலில் கடவுளின் புகழ் ஓங்கி ஒலிப்பதைப் பகத்சிங் மறைக்கவில்லை. மரியாதையோடு அவர் பெயரைச் சொல்கிறார், அவர் நம்பிக்கை இன்னதென்று சொல்கிறார், பிறகு எள்ளளவும் விட்டுக்கொடுக்காமல் கடவுளை மறுக்கிறார். கொடுமை நிறைந்த உலகை ஏன் படைத்தான் என்று அவர் கேட்கும் கேள்விகளைவிடக் கடுமையானவை நம் பதிவுகளில் இல்லை. ஆனால் சன்யாலின் தியாகத்தையோ அறிவையோ அவர் ஓரிடத்திலும் ஐயுறவில்லை. வழிபடுகிற ஒருவர் தம்மைவிடத் துணிவுடையவராகவும் அறிவுடையவராகவும் இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குன்றக்குடி மடத்தில் பெரியார் திருநீற்றை மறுக்காமல் ஏற்றார் என்ற செய்தியும் ஆண்டுதோறும் பகிரப்படுகிறது. பகிர்வோர் அதைச் சமாதானப் படமாக்கிவிடுகிறார்கள். மறுபாதியை யாரும் சொல்வதில்லை. பெரியாரின் கடவுள் மறுப்புப் பிரசாரத்தை எதிர்கொள்ளவே குன்றக்குடி அடிகளார் 1950களின் தொடக்கத்தில் அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தொடங்கி ஊர் ஊராகப் பேசினார். பெரியாரும் தம் பிரசாரத்தில் ஒரு சொல்லையும் குறைத்துக்கொள்ளவில்லை. மோதியபடியேதான் நண்பர்களானார்கள். அந்த மோதல் வீண்போகவும் இல்லை: சாதி வேற்றுமைக்கு எதிராகவும் தமிழ் வழிபாட்டுக்காகவும் ஒரு மடாதிபதி அவ்வளவு உரத்துப் பேசியதில் எதிர்த்தரப்பின் கேள்விகளுக்குப் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். அந்த மேடைகளை மறந்துவிட்டுத் திருநீற்றை மட்டும் நினைவில் வைத்திருப்பது இருவருக்கும் அவமதிப்பு.

கடைசியாக, நம் துறைகளில் அமர்ந்திருக்கும் நடுநிலையாளர்களுக்கு. 'இரண்டு பக்கமும் தீவிரவாதிகள்தாம்' என்று சொல்லிவிட்டுக் கருத்தரங்க அழைப்பிதழுக்குத் திரும்புகிறீர்கள். உங்கள் மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரைக்காகக் கும்பல் அவளைச் சூழும்போது, இரவில் தொலைபேசியில் அழைத்து 'நான் உன் பக்கம்தான் அம்மா' என்கிறீர்கள். பொதுவில் ஒரு வரி எழுதுவதில்லை. பதவி உயர்வுக் கோப்பு எங்கோ மேசையில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். உங்களிடம் பகை இல்லை, மெய்தான். நீங்கள் விலக்கவும் இல்லை. சேக்கிழார் ஏற்கெனவே எழுதிவிட்ட காட்சி அது.

ஆகவே நான் கேட்பது பரஸ்பரப் புன்னகை அன்று, ஒரு கடமை. தன் தரப்பார் கழு நாட்டும்போது முதற்குரல் அந்தத் தரப்பிலிருந்தே எழ வேண்டும். நாத்திகர் தாக்கப்படும் நாளில் முதல் கண்டனம் நம்பிக்கையாளரிடமிருந்து வரட்டும். வழிபடுகிற ஒருவர் அவர் பிறப்பையோ பாலையோ கல்வியின்மையையோ சொல்லி இழிவுபடுத்தப்படும் நாளில் முதல் கண்டனம் நம்மிடமிருந்து வரட்டும். சொல்லுக்குச் சொல்லாலன்றிக் காவல் நிலையத்தால் மறுமொழி தருவதில்லை என்று இரு தரப்பும் உறுதி கொள்ளட்டும். அச்சுறுத்தலும் வன்முறைக்கான தூண்டுதலும் வேறு. அவற்றுக்குச் சட்டம் வேண்டும். எள்ளலுக்கு எள்ளலே போதும்.

ரங்கத்தில் இப்பதிவைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நீங்கள் வெறுக்கும் தரப்பின் வாதத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அத்தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம், பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடமேகூட, அதைக் காட்டுங்கள். 'ஆம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை மறுப்பு எழுதத் தொடங்காதீர்கள். அருணந்தியார் 700 ஆண்டுகளுக்கு முன் தாமே முயன்று பார்த்த பாடம் இது.

இப்பதிவை மறுப்போரும் அவ்வாறே செய்க. என் வாதத்தை முதலில் நான்கு வரியில் சொல்லிவிட்டு, பிறகு எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் மறுங்கள். மறுமொழி சொல்ல நான் இங்கேயே இருக்கிறேன்.